இரண்டாம் மணி

காலைக் கொஞ்சம் ஒதுக்கு, தம்பி. பையை வைக்க வேண்டும்.

ஜன்னல் உனக்கே இருக்கட்டும். எனக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. திசையன்விளைக்கா? நானும் அங்கேதான். நல்லது. நடுவில் எழுந்து முட்டிக்கொண்டு போக மாட்டாய்.

மூடிவிட்டான் பார்த்தாயா கதவை! ஒரு அம்மா ஓடிவந்தாள், கையை ஆட்டினாள். டிரைவர் பொத்தானை அமுக்கினான், முடிந்தது. இப்போது வருகிற பஸ்ஸுக்கெல்லாம் இப்படிக் கதவு வைத்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடு. படியில் தொங்குகிற கூத்து இல்லை. நேரத்துக்கு வந்தவன் ஏறுவான். வராதவன் நிற்பான்.

என் பெயர் மாசிலாமணி. கிருபாபுரம். கோயில் கமிட்டிச் செயலாளர். நீ எந்தச் சபை? ஓ, கிறிஸ்தவன் இல்லையா. நல்லதாகப் போயிற்று. எங்கள் ஆளாக இருந்தால் பாதியில் குறுக்கே விழுந்து வசனம் சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

ஒரு சங்கடம், தம்பி. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நாளைக்கு எங்கள் ஊரில் அறுப்பின் பண்டிகை, விளைச்சலில் முதலைக் கோயிலுக்குக் கொடுக்கிற நாள். அதற்குள் ஒரு காரியம் முடிய வேண்டும். முடியாவிட்டால்... முடியும். ஏன் முடியாது?

மணியிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

எங்கள் கோயிலில் ஆராதனைக்கு மூன்று மணி. முதல் மணியை நீளமாக அடிப்பான். அது எழுப்புகிற மணி. ஒருத்தனும் எழும்ப மாட்டான். 'ரெண்டாம் மணி இருக்கே' என்று புரண்டு படுப்பான். இரண்டாம் மணி கிளம்புகிற மணி. மூன்றாம் மணி சும்மா நாலு தட்டு, அதோடு ஐயர் உள்ளே வந்துவிடுவார். பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். நான் இரண்டாம் மணிக்கு வீட்டை விட்டு இறங்குவேன். மூன்றாம் மணிக்கு என் பெஞ்சில் இருப்பேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். ஐயர் பிந்தியிருக்கிறார். நான் பிந்தியது இல்லை.

சாவு மணி வேறு. ஒற்றை ஒற்றையாக விழும். ஒன்று அடித்துவிட்டு நிறுத்துவான். சத்தம் முழுசாக அடங்கின பிறகுதான் அடுத்தது. அதற்கு இரண்டாம் மணி, மூன்றாம் மணி எல்லாம் கிடையாது. காதில் விழும்போதே காரியம் முடிந்திருக்கும்.

என்னப்பா, டிக்கெட்டா? திசையன்விளை ஒன்று. ஆமாம், நேரே திசையன்விளைதான். நடுவில் எங்கேயும் இறங்கவில்லை.

எனக்கு ஒரு தம்பி. ஓபேத் என்று பெயர். பம்பாயில் ரயில்வேயில் இருந்தான். எங்கள் அம்மா இறந்தபோது அங்கேதான் இருந்தான். தகவல் கொடுத்தோம், புறப்பட்டுவிட்டான். அவன் வந்து சேருகிற நேரம் பார்த்துத்தான் அடக்கத்தை நாலு மணிக்கு வைத்தேன். ரயில் பிந்தியது. ரயில் பிந்தினால் நான் என்ன செய்ய?

அப்போது இருந்த ஐயர் ரொம்ப இளகின மனுஷன். "மாசிலாமணி, சின்னவன் வந்துக்கிட்டு இருக்கானாம். கொஞ்சம் பொறுப்போமே" என்றார்.

"ஐயரவாள், நாலுன்னு அறிவிச்சாச்சு" என்றேன். "வெளியூர் ஆளுக பஸ்ஸைப் பிடிக்கணும்."

"அரை மணி நேரத்துல என்ன ஆயிரப் போவுது?"

"நாலுன்னா நாலு."

பெட்டியின் மூடிக்குத் திருகாணி. ஆசாரி முறுக்க வந்தான். நான் மூத்த மகன், என் கையால் ஆகட்டும் என்று திருப்புளியை வாங்கிக்கொண்டேன். மூலைக்கு ஒன்றாக நானே முறுக்கினேன். அம்மாவும் நேரம் தவறாதவள்தான். அவளுக்கு அது பிடித்திருக்கும்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டிக்குக் கயிறு போட்டுவிட்டார்கள். அப்போது ஓடிவருகிறான். ரயிலில் வந்த பை தோளிலேயே கிடக்கிறது. முகமெல்லாம் தாடி. ஒரு கால் செருப்பைக் காணோம். நேரே என்னிடம் வந்தான்.

"அண்ணே, ஒரு தரம் திற. முகம் மட்டும் பாத்துக்கிடுதேன்."

ஊரே என்னைப் பார்த்தது. "திருகாணி போட்டாச்சு, ஓபேத். திறக்கச் சாமான் இல்ல" என்றேன்.

திருப்புளி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அது வேறு விஷயம். குழிக்கரையில் வைத்துப் பெட்டியைத் திறக்கிற வழக்கம் எங்களில் கிடையாது. இன்றைக்கு இவனுக்குத் திறந்தால் நாளைக்கு ஒவ்வொருத்தனும் திற என்பான். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நீயாக இருந்தால் திறந்திருப்பாயோ? சொல்லுவது லேசு. முந்நூறு பேர் சுற்றி நிற்க, மூத்தவன் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை மாற்ற முடியாது.

அவன் சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. என் சட்டைப் பையைப் பார்த்தான். பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன். பைக்குப் பக்கத்தில் ஒரு சம்பங்கி இதழ் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தானோ என்னவோ. விடு.

பிறகு ரயில்வே வேலையில் ஓய்வு பெற்று அவன் ஊருக்கே வந்துவிட்டான். ஒரே கோயில். தூணுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். பேச்சு இல்லை. ஆனால் நான் பகை வைத்தவன் இல்லை, தம்பி. அதற்குச் சாட்சி இருக்கிறது.

திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுப்பது என்று ஒரு முறை உண்டு. ஐயர் பீடத்திலிருந்து இறங்கி வருவார். முன் பெஞ்சுக்காரன் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துச் சமாதானம் சொல்லுவார். அவன் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுப்பான். இப்படியே கைமாறிக் கைமாறிக் கடைசிப் பெஞ்சு வரைக்கும் போகும். அதற்குப் பிறகுதான் அப்பமும் திராட்சரசமும். கூடப்பிறந்தவனோடு மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு அந்தப் பந்திக்குப் போகக்கூடாது. அதற்காக ஏற்பட்ட முறை.

நான் ஒரு மாதம் தவறவில்லை. என் கைக்கு வந்த சமாதானத்தை இந்தப் பக்கம் கொடுத்தேன். அது சுற்றிச் சுற்றி எப்படியும் தூணுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். அவன் கைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அது என் கையிலிருந்து போனதுதானே? மாதாமாதம் கோயிலில் வைத்துக் கொடுத்தாயிற்று. வீடு தேடிப் போய்த் தனியாக வேறு கொடுக்க வேண்டுமா?

பிறகு அவன் பெண்டாட்டி ஊருக்குக் குடி போய்விட்டான். ஞானியார்விளை. இந்த ரோட்டில்தான். போகிற வழியில் வரும்.

பஸ் நிற்கிறது. ஆள் ஏறுகிறார்கள். நெருக்கித்தான் உட்காரு. என்ன வாசம் இது, சம்பங்கியா? பின்னால் பெரிய பூக்கூடை கொண்டு போகிறார்கள் போலிருக்கிறது. நாளைக்கு எங்கள் ஊரைப்போல இன்னும் எத்தனையோ ஊரில் பண்டிகை. அலங்காரத்துக்கு இருக்கும். வெள்ளைச் சேலையா? இருக்கட்டும். கோயிலுக்கு எங்கள் பெண்கள் வெள்ளைதான் கட்டுவார்கள்.

கேளு. இந்த வருஷம் நோன்பு நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டில் ஜெபக்கூட்டம். கெத்சியாள் டீச்சர் வந்திருந்தாள். விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விசில் இல்லாமலே விசில் சத்தம் வரும் அவள் தொண்டையில். ஜெபம் செய்துகொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். குரல் மாறிவிட்டது. இரைச்சல் இல்லை. ரொம்பத் தணிந்த குரல்.

"இந்த வீட்டுக்குள்ள இருக்கிற ஒருத்தரோட கர்த்தர் பேசுதார்" என்றாள். "கூடப்பிறந்தவனுக்கு முகம் கொடுக்காம நீ என் பந்தியில உக்காருத. அறுப்பின் பண்டிகைக்குள்ள எழும்பிப் போ. அதுவரைக்கும் கதவு திறந்திருக்கு. அதுக்கப்புறம் நீ தட்டுவ, உள்ள ஆள் இருக்க மாட்டாங்க."

என் மனைவி நவமணி காப்பித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றவள் அப்படியே நின்றாள். நான்தான் சத்தமாக ஆமென் சொன்னேன். என் ஆமென் ஒன்றுதான் கேட்டது. காப்பி ஆறிப்போயிற்று.

அந்த வார்த்தை யாருக்கு என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. தேவாசீருக்கு. பாடகர் குழுத் தலைவன். அவனும் அவன் மச்சினனும் ஒரு ஆர்மோனியத்துக்காக வருஷக்கணக்காகப் பேசுவதில்லை. மறுநாள் காலையில் அவன் வீட்டுக்கே போனேன். கமிட்டிச் செயலாளர் என்கிற முறையில் எனக்குக் கடமை உண்டு.

"தேவாசீர், டீச்சர் சொன்னது உனக்குத்தான்."

"எனக்கா? அண்ணாச்சி, எனக்குக் கூடப்பிறந்தவனே கிடையாதே. ஒத்தப் பிள்ளைல்லா நான்."

"மச்சினனும் சகோதரன்தான். நாள் வேற குறிச்சாச்சு. விளையாடாத."

அவன் பயந்த சுபாவம். அன்றைக்கே மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுது, ஆர்மோனியத்தை நீ வைத்துக்கொள் நீ வைத்துக்கொள் என்று மறுபடியும் சண்டை போட்டார்களாம். அடுத்த ஞாயிறு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, நீங்க சொல்லலைன்னா நான் கெட்டுப் போயிருப்பேன்" என்றான். அவன் முகத்தை நீ பார்க்க வேண்டும். குளித்துவிட்டு வந்தது போல இருந்தது.

வார்த்தை வந்தது, நிறைவேறியது, முடிந்தது. நான் நிம்மதியாக இருந்தேன். தப்பா?

இரண்டு வாரம் கழித்து டீச்சர் என் வீட்டு வாசலில் நிற்கிறாள். உள்ளே வா என்றால் வரவில்லை.

"அண்ணே, அது தேவாசீருக்கு இல்ல. உங்களுக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்குன்னா எனக்கு வரணும். உங்களுக்கு எதுக்கு வரணும்? என் வீடு கர்த்தருக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்க கதவத் திறக்கலன்னுதான் என்னைய அனுப்பினார்."

பார், எப்படிப்பட்ட வாய்! பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெயிலில் ஓட வைத்த வாய். நான் யார் என்று கேட்கிறேன், தம்பி. குடித்தவனா? கோயிலுக்குப் போகாதவனா? பாட்டுப் புத்தகம் இல்லாமல் பாதிப் பாட்டு பாடுவேன். பண்டிகைக்கு முதல் குலை என் தோட்டத்து வாழை. வேதபாடம் நான் வாசித்தால் பின் பெஞ்சு வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்டவன் வாசலில் வந்து நின்று ஒரு பொம்பளை இப்படிச் சொல்லலாமா? சொல்ல வேண்டிய ஆட்கள் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

கமிட்டியில் வைத்தேன். இனி ஜெபக்கூட்டங்களில் இப்படித் தனியாள் வார்த்தை சொல்லக்கூடாது என்று தீர்மானம். இப்போது இருக்கிற ஐயர் சின்னப் பையன். "அண்ணாச்சி, டீச்சர் சொன்னதுல தப்பு என்ன?" என்று கேட்டார்.

"தப்பு இல்ல, ஐயரவாள். ஒழுங்கு இல்ல" என்றேன்.

அவர் ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்துவிட்டார். டீச்சர் திசையன்விளையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் விரட்டவில்லை. அவளாகப் போனாள்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் ஆரம்பித்தது.

முதல் ஞாயிறு. திருவிருந்து. எங்கள் பெஞ்சு எழும்பி முன்னால் போகிறது. நவமணி எழும்பவில்லை. குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். ஆட்கள் அவள் காலைத் தாண்டிப் போகிறார்கள். செயலாளர் பெண்டாட்டி திருவிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன பேசும்?

வீட்டுக்கு வந்து கேட்டேன். "உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"பின்ன என்ன வீம்பு?"

"நீங்க ஓபேத்தைப் போய்ப் பாத்துட்டு வாங்க. அன்னைக்கு நான் வாங்கிக்கிடுதேன்."

"நான் போவேன். போக மாட்டேன்னு சொன்னனா? பண்டிகைக்கு இன்னும் மாசக்கணக்குல இருக்கு."

மறுநாள் காலையில் நான் வேதம் வாசிக்கிற மேஜையில் அந்தத் திருப்புளி கிடக்கிறது. பழைய தகரப்பெட்டியின் அடியில் கிடந்தது. எங்கிருந்துதான் தேடி எடுத்தாளோ. எடுத்துப் பரணில் போட்டேன். மறுநாள் மறுபடியும் மேஜையில்.

"இத எதுக்கு இங்க வைக்க?"

"கிடக்கட்டும். வாசிக்கதுக்கு இடைஞ்சலா இருக்கா?"

இருந்தது. சொல்ல முடியவில்லை.

போவதாகத்தான் இருந்தேன், தம்பி. சத்தியமாக. ஈஸ்டர் கழியட்டும் என்றேன். ஈஸ்டர் கழிந்தது. கோயிலுக்கு வெள்ளையடிக்கிற வேலை வந்தது. நான் நிற்காவிட்டால் சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றிவிடுவான். பிறகு மழை. பிறகு என் முட்டுவலி. பண்டிகைக்கு முந்தின வாரம் போய்க்கொள்ளலாம், பண்டிகைக்கு வா என்று கூப்பிட்ட மாதிரியும் இருக்கும் என்று ஒரு யோசனை. நல்ல யோசனைதானே? அந்த வாரம் ஏலத்துக்குச் சாமான் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. பூசணி, கோழி, முருங்கைக்காய்க் கட்டு எல்லாம் காணிக்கையாக வரும், நான்தான் ஏலம் விடுவேன்.

நேற்று சாயங்காலம் போன். ஓபேத்தின் மகள் ரூபி.

"பெரியப்பா, அப்பாவுக்குப் பேச்சு கொறஞ்சிட்டு. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்காங்க. ஒங்க பேரத்தான் ரெண்டு தரம் சொன்னாங்க. வாங்க, பெரியப்பா."

"வாரேம்மா. பண்டிகை முடிஞ்ச ஒடனே வாரேன்."

"பெரியப்பா..." என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

நவமணி பக்கத்தில்தான் நின்றாள். "பண்டிகைக்குள்ளன்னுல்லா சொல்லிச்சு. முடிஞ்ச பொறகா போவேங்கிய?" என்றாள். விடிந்ததும் முதல் பஸ்ஸுக்கு அவள் கிளம்பிவிட்டாள். ஞானியார்விளைக்குத்தான். வாசலில் நின்று சொன்னாள்: "பைக்குள்ள எல்லாம் வச்சிருக்கேன். எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ஸுல வந்துருங்க."

அடுத்த பஸ் எட்டரைக்கு. நான் போகவில்லை. கிளம்பினேன், சட்டை போட்டேன், பித்தானில் கை நின்றுவிட்டது. வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் என்று நீ கேட்க மாட்டாயா? கேளு. எல்லாரும் போ போ என்கிறார்களே தவிர, ஏன் போகவில்லை என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

பயம், தம்பி. அவன் திட்டினால் தாங்குவேன். முகத்தைத் திருப்பிக்கொண்டால் தாங்குவேன். அவன் கட்டிலில் கிடந்துகொண்டு என் சட்டைப் பையைப் பார்த்தால் என்ன செய்வேன்? அன்றைக்குத் திருப்புளியைப் பார்த்தானா, பூவைப் பார்த்தானா? பார்க்கவில்லை என்றால் நான் ஒழுங்குக்காரன், அவ்வளவுதான். பார்த்திருந்தால்? சாமான் கையில் இருந்தும் அண்ணன் இல்லை என்றான் என்று இத்தனை வருஷமும் தெரிந்தே, தூணுக்கு அந்தப் பக்கம், ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தானா? அதை நான் எப்படித் தாங்குவேன்?

அதனால்தான் இப்போது டீச்சரிடம் போகிறேன். யோசித்துத்தான் செய்கிறேன். நாள் குறித்தவள் அவள். அவளே ஜெபம் பண்ணி அந்த நாளைத் தள்ளி வைக்கட்டும். ஒரு வாரம் போதும். ஆராதனை நேரத்தையே நாங்கள் மாற்றி வைப்பது உண்டு. ஒரு வாரத்தில் என்ன கெட்டுவிடும்? கமிட்டித் தீர்மானத்தை நானே எடுத்துவிடுகிறேன். ஊருக்கு வா, ஜெபக்கூட்டத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்லு என்று சொல்லப்போகிறேன். அவள் காலில் விழச் சொன்னாலும் விழுவேன். அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தைரியமாக ஓபேத்திடம் போவேன். முதலில் அவள். பிறகு அவன்.

போனா? அணைத்து வைத்திருக்கிறேன். காலை பத்து மணிக்குமேல் விடாமல் அடித்தது. ரூபி, நவமணி, மறுபடி ரூபி. எடுத்தால் வா என்பார்கள். வந்துகொண்டுதானே இருக்கிறேன்? பிறகு அடிக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் அணைத்தேன்.

நீ என்னவோ சொல்ல வருகிறாய். இரு, முடித்துவிடுகிறேன். பின்னால் இருக்கிறவர்களைப் பார்த்துவிட்டு என் கையைத் தொடுகிறாய். பூக்காரர்கள்தானே? அவர்களுக்கு என்ன?

என்ன கத்துகிறான் கண்டக்டர்? ஞானியார்விளையா? ஆமாம், இதுதான். அதோ தெரிகிறதே கோபுரம், அதற்குப் பின்தெருவில்தான் அவன் வீடு. நடந்தால் ஒரு பீடி நேரம். தெரியும், தம்பி. எனக்குத் தெரியாத ஊரா? நீ உட்காரு. மறுபடி கத்துகிறான் பார். இறங்குகிறவன் இறங்குவான், இவனுக்கு என்ன தொண்டை வலிக்க?

என்னைத்தான் கேட்கிறானா? இல்லையப்பா. திசையன்விளை. டிக்கெட் உன் கையால் கிழித்ததுதானே?

வரும்போது இறங்கிக்கொள்வேன். சாயங்காலம் திரும்பி வருகிற பஸ்ஸும் இங்கேதான் நிற்கும்.

பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் இங்கே இறங்குகிறார்கள். இவ்வளவு பேரா? வழி விடு, அந்த அம்மா பூவை முட்டாமல் கொண்டு போகட்டும். என்ன, வட்டமாகக் கட்டியிருக்கிறார்கள்? கோயில் அலங்காரத்துக்குத் தோரணமாகத்தான் கட்டுவார்கள். வட்டமாக யார் கட்டுகிறார்கள்? நடுவில் என்னவோ எழுதியிருக்கிறது. என் கண்ணாடி பைக்குள் கிடக்கிறது. உனக்குத் தெரிகிறதா? இல்லை, வாசிக்காதே. வேண்டாம்.

கதவு மூடியாயிற்று. பஸ் கிளம்பிவிட்டது. சரி. போகட்டும்.

மணி.

கேட்கிறதா? அந்தக் கோபுரத்திலிருந்துதான். சனிக்கிழமை அல்லவா, ஆயத்த ஆராதனைக்கு முதல் மணி அடிக்கிறான். இவர்களுக்கும் நாளைக்குத் திருவிருந்தாக இருக்கும். முதல் மணிதான். நீளமாக அடிப்பான், பார்.

ஏன் நிறுத்திவிட்டான்?

கயிறு சிக்கியிருக்கும். பழைய மணி. இதோ அடிக்கிறான். ஒன்று. அடி. அடி, ஏல. கூட அடி. ஏன் விட்டுவிட்டு அடிக்கான்? எவன் இவனுக்கு மணியடிக்கச் சொல்லிக் கொடுத்தது? முதல் மணியை இப்படியா அடிப்பான்? இடையில் இவ்வளவு நேரமா விடுவான்?

மறுபடியும் ஒன்று.

தம்பி, எழும்பு. என் கையைப் பிடித்துத் தூக்கு. முட்டு வராது எனக்கு. கண்டக்டர்! ஏ கண்டக்டர், நிறுத்து! இறங்கணும். ஞானியார்விளைதான். அதுதான் என் ஊர், என் தம்பி ஊர். நிறுத்தச் சொல்லு. என்னது? அடுத்த ஸ்டாப்பா? அது எங்கேயோ கிடக்கே! மூணு தரம் கூப்பிட்டியா? கூப்பிட்டே. நான் இல்லைன்னா சொன்னேன்? ஆமா, சொன்னேன். இப்போ இறங்கணும்ங்கேன். கதவு அடைச்சா அடைச்சதுதான்னா? ஏல, நான் அவன் கூடப்பிறந்தவன்!

முகம் மட்டும் பாத்துக்கிடுதேன். மூடுறதுக்குள்ள ஒரு தரம். நாலு மணிக்கு வச்சிருப்பாங்களோ? நவமணி இருக்கா, அவ பொறுக்கச் சொல்லுவா. சொல்லுவாளா?

தம்பி, டிரைவருக்குக் கேட்கலை. கதவைத் தட்டு. உனக்கு வயசு இருக்கு, ஓங்கித் தட்டு. கையால தட்டினா காணாது. இரு, பைக்குள்ள என்னவோ இரும்பு தட்டுப்படுது. வேதத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கா. எல்லாம் வச்சிருக்கேன்னு சொன்னா.

இந்தா. இந்தத் திருப்புளியால தட்டு.